எம்டன் பக்தியும் சரித்திர ஞானமும்

தமிழில் “எம்டன்” என்றொரு சொல் வழங்கி வருகிறது. சூழ்ச்சியில் வல்லவனையும், எவர் கைக்கும் அகப்படாதவனையும், வீட்டாரை நடுங்க வைக்கும் கண்டிப்புக்காரனையும் “அவன் பெரிய எம்டன்” என்று நம் மக்கள் சொல்லுவார்கள். இச்சொல் எந்தப் புலவரும் ஆக்கித் தந்ததன்று. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திச் சென்ற ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அதே கப்பல் அவ்வாண்டு அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில், பொய்ப் புகைபோக்கி ஒன்றை நாட்டி வேஷம் பூண்டு, நமது பினாங்குத் துறைமுகத்துட் புகுந்தது. அங்கு நின்ற ‘ஜெம்சுக்’ என்னும் ருஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும் வழியில் ‘மூஸ்கே’ என்னும் பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. மாண்ட ருஷ்ய மாலுமிகள் 80-க்கும் மேற்பட்டோர். ஜார்ஜ் டவுன் மேற்குச் சாலை இடுகாட்டில் அவர்களுடைய நினைவுக்கல் இன்றும் நிற்கிறது. அதன் எதிரே நின்று ஒரு கணம் தலை குனிந்த தமிழர் எத்தனை பேர்? எம்டனைப் புகழ்ந்த தமிழரோ எண்ணிலடங்கார்!

ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரும், ஜெர்மனியைப் பற்றிய நம்மவரின் ஞானம் இந்த ஒரு சொல்லின் எல்லையைத் தாண்டவில்லை. வெள்ளைக்காரனை அடித்தவன் எவனோ அவன் நம்மவன் என்பதே நாம் கற்ற ராஜதந்திரம். அந்தக் கணக்கிலேதான் ஹிட்லரும் நம்மவரிடையே வீரனாக உலவுகிறான். தேநீர்க் கடையிலும், கலியாண வீட்டுத் திண்ணையிலும், “அவனைப்போல ஒருவன் நமக்கு வாய்த்திருந்தால்!” என்று பெருமூச்சு விடுவோரை நாம் கேட்டிருக்கிறோம். பிள்ளைக்கு அப்பெயரையே சூட்டி மகிழ்ந்த தமிழரும் உண்டு. இதை அறியாமை என்று சிரித்து ஒதுக்குவோர் சிலர். விளையாட்டு என்று மன்னிப்போர் சிலர். நாம் இரண்டையும் செய்வதற்கில்லை. இது ஒரு நோய் என்றும், இந்நோய் படியாதவரிடத்தினும் படித்தவரிடத்திலேயே அதிகமென்றும் சொல்லத் துணிகிறோம்.

“தோட்டத்துக் கிராணிக்கு ஜெர்மன் தேசத்துச் சரித்திரம் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. பெரட்டில் பேர் கூப்பிட்டு, செக்ரோலில் நாள் குறித்து, சம்பளத்தைக் கூட்டிப் போடுவதோடு நம் வேலை தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். ஆனால், கணக்கெழுதுகிறவனுக்குத் தெரிந்த உண்மை ஒன்றுண்டு. வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாத பேரேடு கணக்காகாது, அது பொய். நம் மேடைகளில் சரித்திரம் என்ற பெயரால் விற்கப்படுவது பெரும்பாலும் அத்தகைய பேரேடே. அதை எப்படித் தணிக்கை செய்வதென்று கற்றுக்கொள்ள, ஜெர்மனியைத் தம் வாழ்நாட் படிப்பாகக் கொண்ட இரண்டு பேராசிரியர்களை வாசகர் முன் நிறுத்துகிறோம். ஒருவர் இந்தியர். மற்றவர் ஜெர்மனியிற் பிறந்து அந்நாட்டினின்று துரத்தப்பட்டவர்.

முதலாமவர் வங்காளத்து பினாய் குமார் சர்க்கார். 1887-இல் பிறந்தவர். கல்கத்தாவில் ஆங்கிலமும் சரித்திரமும் கற்றுத் தேறியவர். சுதேசி இயக்க காலத்தில் தேசியக் கல்விக்கு உழைத்தவர். 1914-இல் புறப்பட்டு, ஏறத்தாழப் பதினோராண்டு உலகைச் சுற்றி, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் சொற்பொழிவாற்றும் புலமை எய்தியவர். கீழ்நாடு என்றால் ஆன்மிகம், மேல்நாடு என்றால் லௌகிகம் என்ற சோம்பேறிப் பாகுபாட்டை முதலிலே உடைத்தெறிந்தவர்களில் ஒருவர். பெர்லினில் வாழ்ந்து நூல் வெளியிட்டார். 1930-இல் மியூனிக் நகரத் தொழில்நுட்பக் கலாசாலையில் விருந்துப் பேராசிரியராக இருந்தார். ஜெர்மன் அறிஞர் பிரடரிக் லிஸ்டின் பொருளாதார நூலையும், எங்கெல்ஸின் குடும்பம் பற்றிய நூலையும் வங்காளியில் பெயர்த்தார். 1949-இல் அமெரிக்காவில் காலமாகும் வரையில் அவர் எழுதிக் குவித்தவை ஒரு நூலகத்தையே நிரப்பும். நவீன ஜெர்மனியின் அறிவு வாழ்வையும் அரசியல் வாழ்வையும் அவரளவு நேரிற் கண்டு கற்ற இந்தியர் மிகச் சிலர்.

அத்தகையவர் 1933-இல் ஹிட்லர் பதவியேறியதும் என்ன செய்தார்? அந்த அரசைப் பாராட்டி எழுதினார்! சிதறிக் கிடந்த ஒரு ஜாதியை ஒன்றாகத் திரட்டிய வீரச் செயலாக அதைக் கண்டார். பின்னால் நிகழ்ந்த படுகொலைகளை அவர் எப்படி அறிவார் என்று வாதிக்கலாம். வாதம் நியாயமே, ஆனால் முழு நியாயமன்று. 1933 ஏப்ரல் 7-ஆம் நாளே யூதரை அரசாங்க உத்தியோகத்தினின்றும் கலாசாலைகளினின்றும் நீக்கும் சட்டம் பிறந்துவிட்டது. மே 10-ஆம் நாள் இரவில் பெர்லின் நகரின் நடுவே மாணவர்களே புத்தகங்களைக் குவித்துத் தீ மூட்டினார்கள். ஒரு பேராசிரியனுக்குப் புத்தகம் எரியும் நாற்றமும் எட்டவில்லையென்றால், அவன் மூக்கை அடைத்திருந்தது எது?

அடைத்திருந்தது அடிமை நாட்டான் மனத்துப் புழுக்கமே என்கிறோம். தன் நாடு தாழ்ந்து கிடக்கிறது. இன்னொரு நாடு தாழ்ந்து கிடந்து திடீரென எழுந்து நிற்கிறது. எழுந்ததை மட்டும் அவன் பார்க்கிறான். எவர் கழுத்தின்மீது கால் வைத்து எழுந்தது என்று பார்ப்பதில்லை. சர்க்காரை இழிவு செய்வது நம் நோக்கமன்று. அவர் புலமைக்கு முன் நாம் எம்மாத்திரம்! ஆனால், அத்தனை புலமையும் ஒருவரைக் காக்கவில்லை என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். ஜெர்மானியரின் நிலையும் அதுதான். யூதரை அடியோடு அழிக்கும் ஏற்பாட்டைப் பேசி முடிக்க 1942 ஜனவரி 20-ஆம் நாள் வான்ஸே மாளிகையில் கூடிய 15 பேரில் 8 பேர் டாக்டர் பட்டம் பெற்றவர்கள்!

இரண்டாமவர் பிரிட்ஸ் ஸ்டெர்ன். 1926-இல் பிரெஸ்லா நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தை வைத்தியர், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போர்முனையில் நின்றவர். யூத வமிசமாயினும், கிறிஸ்து மதம் தழுவித் தலைமுறை கடந்த குடும்பம். ஜெர்மானியராகவே தம்மை எண்ணினார்கள், ஜெர்மானியராகவே வாழ்ந்தார்கள். குழந்தைக்குப் பெயர் வந்ததும் ஞானத் தந்தையான பிரிட்ஸ் ஹேபரிடமிருந்து. காற்றிலிருந்து உரம் செய்யும் வழியைக் கண்டு நோபல் பரிசு பெற்றவர் ஹேபர். முதற் போரில் தன் நாட்டுக்கு நச்சுப் புகையையும் ஆக்கித் தந்த அளவுக்கு தேசபக்தர்! 1933-இல் அவரும் பதவி துறந்து வெளியேறி, மறுவருஷமே அந்நிய மண்ணில் இறந்தார். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவனுடைய நம்பிக்கையைக் கேட்கவில்லை, தொண்டைக் கேட்கவில்லை, பாட்டனும் பாட்டியும் எந்த மதத்திற் பிறந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தது. 1938 செப்டம்பரில், 12 வயதுச் சிறுவனாக, ஸ்டெர்ன் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சில வாரங்களில், நவம்பர் 9-ஆம் நாள் இரவில், ஜெர்மனியெங்கும் யூதர் ஆலயங்கள் எரிந்தன.

இப்படித் துரத்தப்பட்டவன் என்ன படிப்பான்? துரத்தியவனை மறக்க விரும்பினால் வைத்தியம் படிப்பான். ஸ்டெர்ன் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வைத்தியரே. குடும்ப நண்பரான ஐன்ஸ்டீனும் வைத்தியத்தையே படிக்கச் சொன்னார். பழிவாங்க விரும்பினால் பிரசாரம் படிப்பான். ஸ்டெர்ன் இரண்டையும் விட்டுச் சரித்திரம் படித்தார். நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் 1953-இல் டாக்டர் பட்டம் பெற்று, அங்கேயே நாற்பதாண்டுக்கு மேல் போதித்தார். அவர் தமக்கு வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே: கோயிலும் கல்வியும் சங்கீதமும் தத்துவமும் செழித்த நாட்டில் இது எப்படி நேர்ந்தது?

1961-இல் வெளியான அவரது முதற் பெருநூல், கலாசார விரக்தி அரசியலாக மாறிய கதையைச் சொல்லுவது. அதில் அவர் ஹிட்லரைத் தேடிச் செல்லவில்லை. ஹிட்லருக்கு முன் நடந்த மூன்று எழுத்தாளர்களைத் தேடிச் சென்றார். ஒருவர் பால் டி லகார்டு. வேதாகம மொழிகளில் துறைபோன பண்டிதர். ஜெர்மானியருக்கென்றே தனி மதம் வேண்டுமென்று கூவியவர். இரண்டாமவர் ஜூலியஸ் லாங்பேன். நிலையான வேலையின்றி அலைந்தவர். அவர் 1890-இல் பெயர் போடாமல் வெளியிட்ட நூல், ரெம்பிராண்ட் என்னும் ஓவியரைக் குருவாக்கி, விஞ்ஞானமும் நகரமும் ஜெர்மன் ஆன்மாவைக் கெடுத்துவிட்டன என்று புலம்பிற்று. ரெம்பிராண்ட் ஒல்லாந்துக்காரர் என்பது எவருக்கும் உறுத்தவில்லை. நூல் பதிப்பின்மேற் பதிப்பாக விற்றது. மூன்றாமவர் மொல்லர் வான் டென் புரூக். 1923-இல் ‘மூன்றாம் பேரரசு’ என்று தம் நூலுக்குப் பெயர் வைத்து, 1925-இல் தற்கொலை செய்துகொண்டவர். அந்தப் பெயரைத்தான் ஹிட்லர் கூட்டம் தூக்கிச் சென்றது.

இம்மூவரும் நாஜிகள் அல்லர். ஹிட்லரை நேரிற் கண்ட மொல்லர் அவனை மதிக்கவுமில்லை. ஸ்டெர்ன் அவர்களைக் கொலைகாரர் என்று சொல்லவில்லை. அவர்கள் பட்ட துன்பத்தையும் பொய்யென்று தள்ளவில்லை. கிராமம் அழிந்து ஆலை எழுந்தபோது, பழைய நம்பிக்கை போய்ப் புதிய பணம் ஆண்டபோது, மனிதர் தனிமைப்பட்டது மெய்தான். ஆனால் அவர்கள் அத்துன்பத்துக்குக் காரணம் தேடவில்லை, குற்றவாளியைத் தேடினார்கள். நிகழ்காலத்தை வெறுத்தார்கள்; என்றும் இருந்திராத ஒரு பொற்காலத்தை இறந்தகாலத்தில் கட்டினார்கள்; அதை மீட்க ஒரு தலைவன் வருவான் என்று காத்திருந்தார்கள்; இடையில் நிற்பவன் யூதன் என்றார்கள். வாதம், சட்டம், தேர்தல், சமரசம் ஆகிய யாவும் கோழைகளின் தொழில் என்று ஏளனம் செய்தார்கள். இந்நூல்களைப் பள்ளி ஆசிரியரும் பாதிரியாரும் மாணவரும் மரியாதையோடு படித்தார்கள். ஹிட்லர் வந்தபோது அவன் பேச்சு அவர்கள் செவிக்குப் புதிதாக இல்லை. வயலை உழுது பண்படுத்தியவர்கள் கனவான்கள். விதைத்தவன் மட்டுமே முரடன்.

அன்பர்களே! இந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை படியுங்கள். பொற்காலம், அதைக் கெடுத்த அந்நியன், மீட்க வரும் தலைவன், வாதத்தின்மேல் ஏளனம். நம் சங்க ஆண்டு விழாக்களில் இது கேட்டதில்லையா? உலகம் தோன்றிய நாள்தொட்டு நாமே மூத்தோர். உலக மொழிகள் யாவும் நம் மொழியின் குழந்தைகள். கடல் விழுங்கிய கண்டமெல்லாம் நம்முடையது. இவ்வளவும் சொல்லி முடித்து, கைதட்டல் அடங்கிய பின், மறுநாள் விடிந்தால் அதே லயம், அதே கடன், பள்ளியை விட்டு நின்ற அதே பையன். ஆண்ட பரம்பரை என்ற போதை, கள்ளுக்கடை போதையைவிடச் செலவு குறைந்தது, தெளிவதற்குத்தான் நெடுநாளாகும்.

அந்தக் கடல் கொண்ட கண்டத்தின் கதையையே பாருங்கள். பழைய உரைகளில் கடல்கோளைப் பற்றிய மரபுச் செய்தி உண்டு, அதை மறுப்பாரில்லை. ஆனால் ‘லெமூரியா’ என்ற பெயர் தமிழன் இட்டதன்று. 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார், லெமூர் என்ற சிறு விலங்கின் இனம் மடகாஸ்கரிலும் அதன் உறவினம் இந்தியாவிலும் காணப்படுவதற்குக் காரணம் கூற, இடையில் ஒரு நிலம் அமிழ்ந்திருக்கலாம் என்று ஊகித்தார். கண்டங்களே நகருகின்றன என்று பின்னர் நிலைநாட்டப்பட்டதும் விஞ்ஞானிகள் அவ்வூகத்தைக் கைவிட்டார்கள். விஞ்ஞானி கைவிட்டதை நம் பேச்சாளர் இன்னும் கைவிடவில்லை! பகுத்தறிவு என்பது பிறர் புராணத்தை மட்டும் அறுக்கும் கத்தியா? சொந்தப் புராணத்துக்கு முன்னே அது மழுங்கிப் போகுமா?

சீர்திருத்தக்காரராகிய நமக்கே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஆரியம்’ என்பது மொழிநூலார் கையாண்ட சொல்; அதை இரத்தச் சொல்லாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா; அதைச் சட்டமாக்கியது ஹிட்லரின் ஜெர்மனி. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லையென்பதே சுயமரியாதையின் உயிர். அதைச் சொல்லிப் புறப்பட்ட நாம், எதிராளியின் இரத்தக் கணக்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, ‘எங்கள் இரத்தமே தூயது’ என்போமாயின், அது சீர்திருத்தமா? ஜாதிக் கொடுமையை எதிர்ப்பது வேறு. பிறவியை எதிர்ப்பது வேறு. முன்னதற்கு நியாயம் துணை. பின்னதற்கு வெறுப்பு மட்டுமே துணை.

“ஹிட்லர் வெள்ளையனின் பகைவன், ஆகவே நமக்கு நண்பன்” என்பாருக்கும் விடை சொல்லுவோம். தன் நூலிலேயே இந்தியரின் விடுதலைப் போராட்டத்தை ஏளனம் செய்து, இந்தியா இங்கிலாந்தின் கையில் இருப்பதே நல்லது என்று எழுதியவன் அவன். சுபாஷ் சந்திர போஸ் 1942 மே மாதத்தில் அவனைச் சந்தித்தபோது, இந்திய விடுதலைக்கு அவர் நாடிய பகிரங்க உறுதிமொழி கிட்டவில்லை. நம் பினாங்குத் துறைமுகத்தில் 1943, 1944-ஆம் ஆண்டுகளில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தங்கின; எவரை மீட்க வந்தன? ஜெர்மனியோடு 1940-இல் உடன்படிக்கை செய்த ஜப்பான், 1942 முதல் நம் தோட்டங்களிலிருந்து தமிழரை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போய், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வைத்தது. பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். ஹிட்லரைப் புகழும் தோட்டத் தமிழன், அவன் கூட்டாளியால் கொல்லப்பட்ட தன் கொள்ளுப்பாட்டனின் குழியை மிதித்துக்கொண்டு புகழ்கிறான்.

இன்னும் அருகே வருவோம். நாம் இந்நாட்டில் சிறுபான்மையோர். நாலைந்து தலைமுறை உழைத்தும், எங்கோ ஒரு மேடையிலிருந்து ‘வந்தேறி’ என்ற சொல் இன்னும் நம் காதில் விழுகிறது. விழும்போது நாம் என்ன வழக்குரைக்கிறோம்? “பிறந்த மண் இது, உழைத்த கை எங்களுடையது, சட்டம் எங்களையும் குடிமக்கள் என்கிறது” என்கிறோம். நல்ல வழக்கு. ஸ்டெர்ன் குடும்பமும் 1933-இல் சொன்னது இதே வழக்குத்தான். இரத்தமும் மண்ணும் என்ற தத்துவம் ஆளத் தொடங்கிய இடத்தில் முதலில் தோற்பது இந்த வழக்கே. ஆகவே அத்தத்துவத்தைத் தமிழன் புகழ்வது, தன் வீட்டை இடிக்க வருபவனுக்குக் கடப்பாரை எடுத்துக் கொடுப்பதாகும்.

ஸ்டெர்னின் பிற்காலமும் நமக்குப் பாடமே. பிஸ்மார்க்கையும் அவருக்குப் பணம் தேடித் தந்த யூத வங்கியாளர் பிளைக்ரோடரையும் பற்றி 1977-இல் அவர் வெளியிட்ட நூல், கடிதக் கட்டுகளில் ஆண்டாண்டாக மூழ்கி எழுதியது. 1996-இல், ஜெர்மானியர் யாவருமே மனமுவந்த கொலைகாரர் என்னும்படி ஓர் அமெரிக்க நூல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றபோது, அதை மறுத்தெழுதியவர்களில் ஸ்டெர்னும் ஒருவர்! துரத்தப்பட்டவனே, துரத்திய ஜாதியை மொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மறுத்தான். 1987-இல் மேற்கு ஜெர்மன் பாராளுமன்றம் அவரை அழைத்துப் பேச வைத்தது. 1990 மார்ச்சில், இரு ஜெர்மனிகளும் ஒன்றாவதை அஞ்சிய பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் சரித்திராசிரியர் சிலரைக் கூட்டி அபிப்பிராயம் கேட்டபோது, இன்றைய ஜெர்மனி அன்றைய ஜெர்மனி அன்று என எடுத்துச் சொன்னவர்களில் அவரும் இருந்தார். 2016-இல், 90-ஆம் வயதில், நியூயார்க்கில் காலமானார். இது மன்னிப்பு அன்று, மறதியும் அன்று. பற்றையும் வரவையும் இரண்டு பக்கத்திலும் ஒழுங்காக எழுதிய கணக்கனின் நேர்மை.

அப்படியாயின் நாம் செய்ய வேண்டுவது யாது? பெருமை பேசுவதை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்வதா? அன்று. நமக்குச் சரித்திரம் இல்லாமலில்லை, எழுதத்தான் ஆளில்லை. எந்தத் தோட்டம் எந்த ஆண்டு திறந்தது, எவர் காடு வெட்டினார், ரயில் பாதைக்கு எத்தனை பேர் போனார், எத்தனை பேர் திரும்பினார், தோட்டம் துண்டாடப்பட்டபோது எந்தக் குடும்பம் எங்கே போயிற்று. இவை யாவும் நம்மிடையே உள்ள முதியோர் நினைவிலும், கறையான் அரிக்கும் செக்ரோல்களிலும், கோயிற் கணக்குகளிலும், தொழிற்சங்கக் குறிப்பேடுகளிலும் கிடக்கின்றன. நம்மவர் நம்மவருக்கே செய்த கொடுமையும் அவற்றிலேயே இருக்கும்: கங்காணி பிடித்த பணம், லயத்திலும் கோயிலிலும் காத்த ஜாதி, பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்த கூலி. அதையும் சேர்த்து எழுதத் துணிந்தவனே சரித்திராசிரியன். அதை விட்டெழுதுபவன், எத்தனை பட்டம் பெற்றிருப்பினும், லாங்பேனின் சீடன்.

ஆகவே சங்கங்களுக்கு நம் வேண்டுகோள் இது. அடுத்த ஆண்டு விழாவில் பொற்காலச் சொற்பொழிவு ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்தில் இரண்டு வாலிபர்களைப் பழைய ஏடுகளைப் படியெடுக்க அனுப்புங்கள். சர்வகலாசாலை செல்லும் பிள்ளைகளில் ஒருவனாவது, ஒருத்தியாவது, வைத்தியமும் சட்டமும் அல்லாமல் சரித்திரம் படிக்க விரும்பினால், “சோறு போடுமா?” என்று கேட்டு அடக்காதீர்கள். நம்முடைய சரித்திரத்தை மட்டுமன்று, பிறர் சரித்திரத்தையும் அவர்கள் படிக்கட்டும். பிறர் எப்படிக் கெட்டார்கள் என்று அறியாத ஜாதி, தான் கெடும்போதும் அறியாது. சர்க்காருக்கும் ஸ்டெர்னுக்கும் புலமையில் வேற்றுமை சொல்லுவதற்கில்லை. கேட்ட கேள்வியில்தான் வேற்றுமை. “இவன் எப்படி எழுந்தான்?” என்று கேட்டார் ஒருவர், “யாரை மிதித்து எழுந்தான்?” என்று கேட்டார் மற்றவர். நம் பிள்ளைகளுக்கு இரண்டாம் கேள்வியைக் கற்பிப்போமாக!